மேனேஜர் தின்ற செடி

மேனேஜரின் உதட்டில் ஒரு பச்சை வாய் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கனவின் மிச்சம் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு, வேலை மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒரு தலையணையைப் போட்டு அரை மணி நேரம் கண்ணை மூடுவது அவள் வழக்கம். அன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறி சுற்றச் சுற்ற, ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சம் சுவரெல்லாம் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கனவில் அவள் ஒரு பெரிய குளத்தின் அடியில் உட்கார்ந்து பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே மீன்கள் வரிசையாக நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தன. கண்ணைத் திறந்தால் எதிரே மேனேஜர். வாயோரம் எச்சில் நூலாக வழிகிறது. கீழுதட்டில் அந்தப் பச்சை வாய், ஓரமெல்லாம் முள் வைத்து, பாதி மூடியபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் அவள் தலையணையிலேயே வாந்தி எடுத்தது.

மேனேஜர் என்பது நாய். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு மழை நாளில் சட்டைக்குள் போட்டு எடுத்துவந்த குட்டி. அவள் வேலை செய்யும்போது எதிரே வந்து உட்கார்ந்து, வாலைக்கூட ஆட்டாமல், அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். "சம்பளம் குடுக்கிற மேனேஜர்கூட இப்படிப் பாக்கமாட்டான்" என்று அவர் சொன்னார்; அதுவே பேராகிவிட்டது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மேனேஜருக்கு இப்போது பதினொரு வயது, முன்பற்களில் பாதி கிடையாது. பல் கட்டுகிற வீட்டில் பல் இல்லாத நாய் என்று கட்டிடத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்த நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அவளுக்கும் சோறு இறங்காது.

அவளைக் கட்டிடம் முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு மாதிரி இளஞ்சிவப்பு மெழுகை வளைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஆளின் வாயில் போட்டுப் பார்க்கத் திருப்பி அனுப்புவாள். சரியாக இருக்கிறது என்று பதில் வந்தபிறகுதான் மெழுகை எடுத்துவிட்டுக் கெட்டியான ஈறு வார்ப்பது. இருபத்தெட்டு வருஷமாக இதே மேசை, இதே ஜன்னல். எத்தனை பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு திரிகிறார்களோ, அவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் மெழுகு இளகிப் பல் சாய்ந்துவிடும். அதனால் முடித்த செட்டை ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மேசைக்கு அடியில் தரைக் குளிர்ச்சியில் வைத்துவிடுவாள். அது அவளாகக் கண்டுபிடித்த முறை, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பச்சை வாய் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். தம்பியுடையது.

தம்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்தபோது கையில் ஒரு பை, கக்கத்தில் விரிசல் விட்ட ஒரு மீன் தொட்டி. தொட்டிக்குள் மீன் இல்லை, ஒன்பது சின்னச் சட்டிகள் இருந்தன. அதற்கு முந்தைய ஒரு வருஷத்தை அக்கா நினைத்துப் பார்க்கவே விரும்புவதில்லை. பதினாறு வருஷம் அவன் ஒரு நாய் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தான். என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: நாய்க்குப் போவதை முதலில் இவன் தின்று பார்க்க வேண்டும். உப்பு, கசப்பு, காரல், நாக்கில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாவற்றையும் கால் மணிக்கு ஒரு தரம் தாளில் எழுத வேண்டும். கம்பெனி அந்த வேலைக்கு ஒரு மெஷினை வாங்கியது. தம்பி வீட்டுக்கு வந்தான், சுவரைப் பார்த்துப் படுத்தான், ஆறு மாதம் அப்படியே கிடந்தான். பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கிளம்பிப் போனாள். அப்புறம் ஆஸ்பத்திரி.

அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அவரத் தனியா விடாதீங்க. காலையில எழுந்திரிக்கிறதுக்கு அவருக்குன்னு ஒரு காரணம் வேணும். அது எதுவா இருந்தாலும் பரவாயில்ல." காரணம் எங்கிருந்தோ வந்தது. வார்டு ஜன்னலில் யாரோ விட்டுப்போன ஒரு பூச்சி தின்னும் செடி காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. தம்பி நாலு நாள் அதைப் படுக்கையிலிருந்தே பார்த்தான். ஐந்தாம் நாள் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றினான். மூன்று வாரத்தில் அவன் தானாக எடுத்து வைத்த முதல் அடி அதுதான் என்று நர்ஸ் போனில் சொன்னபோது, அக்கா கையில் இருந்த பல்லைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

ஆனாலும் நாய் நாய்தானே. வந்த அன்றைக்கே அக்கா தொட்டியை எட்ட நின்று பார்த்தாள். முள் வைத்த வாய்கள், மூடி போட்ட குடுவைகள், சொட்டுச் சொட்டாகப் பசை பூத்த சிவப்பு மயிர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது நாயக் கடிக்குமாடா?" என்று கேட்டாள்.

தம்பி அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தான். "ஒரு ஈ செரிக்கவே இதுக்குப் பத்து நாள் ஆகும்க்கா. மேனேஜர முழுங்கணும்னா நம்ம ரெண்டு பேர் ஆயுசும் பத்தாது."

"அது கடிக்கிறத விடு. மேனேஜர் அதக் கடிச்சா?"

"விஷம் இல்லன்னுதான் சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா யாரு?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னா நான் கேட்டுக்கணுமா? இங்க பாரு, மேனேஜருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, செடியும் வேணாம், நீயும் வேணாம். இப்பவே சொல்லிட்டேன்." பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி விளையாட்டில்லை என்பது இருவருக்கும் தெரியும். தம்பி அன்று சாயங்காலமே நாய்க்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்துச் சட்டிகளை ஏற்றிவிட்டான்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எப்படிப் போயின என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல ஒரு அமைதி வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு முழிப்பு வருவதற்கு முன்பே பால்கனியில் முணுமுணுப்புக் கேட்கும். என்ன பேசுகிறான் என்று தெரியாது, யாரோடு என்று தெரியும். அந்தச் செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாதாம், மழைத் தண்ணீர்தான் வேண்டுமாம். வானம் இருட்டினால் போதும், வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டம், அவள் பிளாஸ்டர் கலக்கும் ரப்பர் கிண்ணங்கள் உட்பட எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். முதலில் திட்டினாள். அப்புறம் திட்டிக்கொண்டே தானும் இரண்டு பாத்திரம் எடுத்துக்கொண்டு மேலே போனாள். மழை விதவிதமான கிண்ணங்களில் விதவிதமான சத்தத்தில் விழுவதை அக்காவும் தம்பியும் நாயும் படிக்கட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். வீட்டில் ஈ, கொசு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. தம்பி இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்தான். ஒரு நாள் சொல்லாமலே முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றான். அக்கா எதையும் கவனிக்காதவள்போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் கவனித்தாள். தம்பி பிழைத்துவிட்டான் என்று அவள் மனசு சொல்லும், உடனே அதே மனசு, கண் பட்டுவிடும் வாயை மூடு என்றும் சொல்லும்.

இந்த மூன்று மாதத்தையும் ஒரே வாக்கியத்தில் அவள் உடைத்துப் போட்டாள். அது நடந்தது இப்படித்தான்.

மேனேஜர் இரண்டாம் தரமும் வாந்தி எடுத்தது. கால் மடங்கி அப்படியே சாய்ந்தது. அக்கா போட்ட கூச்சலில், குளித்துக்கொண்டிருந்த தம்பி தலை துவட்டாமல் ஓடிவந்தான். பால்கனி வாசலில் ஒரு சட்டி கவிழ்ந்து கிடந்தது. பாசி சிதறியிருந்தது, நாலு தண்டு மொட்டையாக நின்றது. சட்டி மேலே பலகையில் இல்லை, தரையில் இருந்தது.

"கீழ யாருடா வச்சது?"

"வெயில் இங்கதான் விழுதுன்னு... ஒரு மணி நேரம்தான்க்கா. குளிச்சிட்டு வந்து எடுத்துடலாம்னு..."

அக்காவின் மடியில் மேனேஜரின் தலை கனத்தது. அதன் விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"உன் கை பட்டது எதாவது உருப்பட்டிருக்காடா?"

அது அவளுடைய வாக்கியம் இல்லை. அவன் பெண்டாட்டி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வாய் திறக்காமல் கிடந்தவன், முதன்முதலாக அக்காவிடம் முழுசாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். பாதி வெளியே வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாதி வந்ததை யார் நிறுத்த முடியும். மீதியும் வந்தது.

தம்பி தலையை ஆட்டினான். "சரிக்கா" என்றான். குனிந்து சிதறிய பாசியை விரலால் கூட்டி அள்ளினான். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா மேனேஜரைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டாள். பதினெட்டுக் கிலோ. அந்தப் பச்சை வாயை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது மாடிப் படி திரும்பும்போது, தனியா விடாதீங்க என்று டாக்டர் சொன்னது முதுகில் யாரோ தட்டுவதுபோல வந்தது. நின்றாள். மேலே கதவு திறந்தபடியே இருந்தது, சத்தமே இல்லை. கையில் நாய் முனகியது. அவள் இறங்கினாள்.

நாய் டாக்டர் சின்னப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். "இதத்தான்மா தின்னுடுச்சு. பூச்சிய உயிரோட முழுங்குற செடி. விஷத்துக்கு மாத்து இருக்கா?"

டாக்டர் அந்தப் பச்சை வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல விஷமே கிடையாதும்மா. இதோட சாறு ஒரு எறும்பக் கரைக்கவே நாள்கணக்காகும். நாய் நாலு இலை தின்னா மிஞ்சிப்போனா வயித்தால போகும், ஒரு வேளை சாப்பிடாது. நாய் தப்பிச்சிடும், செடிதான் பாவம். உரம் ஏதாவது போட்டிருக்கீங்களா? பூச்சி மருந்து?"

"மழைத் தண்ணிதான் ஊத்துவான்."

"அப்ப இது செடி இல்ல." அவள் மேனேஜரின் வயிற்றை அழுத்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "உள்ள என்னமோ இருக்கு. படம் எடுத்துரலாம்."

படம் எடுக்கிற அறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. அக்கா சுவரோரம் நின்றாள். அவளுக்கு மறுபடியும் அந்தக் குளத்தின் அடிக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி ஏதோ அசைந்து, நின்று, தெளிந்தது. முதுகெலும்பு தெரிந்தது, விலா எலும்புகள் தெரிந்தன. அந்த மேகத்துக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று, ஒரு சிரிப்பு இருந்தது.

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள் கடைசியில், "இது யாரோட பல்லு?"

பதினொரு பல் ஒரே வளைவில் இருந்தன. மூன்று தனியாகத் தள்ளிக் கிடந்தன. இடப்பக்கம் மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு அக்காவுக்குத் தெரியும். ரொம்ப ஒழுங்காக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும், ஒன்றைக் கோணலாக வைக்கச் சொல்லுங்கள் என்று அந்தச் செட்டைக் கேட்ட ஆள் பல் டாக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் வேண்டாம், பீங்கான் பல்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவர்தான். காலையில் முடித்துத் தண்ணீரில் போட்டு மேசைக்கு அடியில் வைத்தது. அதற்கப்புறம் அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னோடது" என்றாள் அக்கா.

டாக்டர் அவள் வாயைப் பார்த்தாள்.

"நான் அடுக்கினதும்மா. மெழுகுல வச்சிருந்தேன்." சொல்லும்போதே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து மேனேஜரின் தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் நிரப்பவே இல்லை. இத்தனை வெயிலில் அது அந்தக் கிண்ணத்துத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது. அடியில் கிடந்தது மெத்தென்று இருக்கவும், பல் இல்லாத வாய்க்குத் தோதாகப் போயிருக்கிறது.

"மெழுகோட இருக்கறது நல்லதுதான்," என்றாள் டாக்டர். "வழுவழுன்னு இருக்கும், குத்தாது. ரெண்டு நாள்ல தானா வெளிய வந்துரும். வரலன்னா கூட்டிட்டு வாங்க. வாந்திக்கு ஊசி போட்டுடறேன். பாவம், வயிறு என்னமோ பண்ணவும் பச்சையா எதையாவது தேடியிருக்கு. நாய்ங்க அப்படித்தான், புல்லு தின்னும். இங்க புல்லு கெடைக்கல, அந்தச் செடி கெடைச்சிருக்கு. ஒரு விதத்துல அதுக்கு மருந்துன்னு வச்சுக்கங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. டாக்டரும் சிரித்தாள். மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

தம்பிக்குப் போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். டாக்சியில் ஏறி மறுபடி அடித்தாள். சாலையில் வண்டிகள் எல்லாம் தண்ணீருக்குள் நகர்வதுபோல நகர்ந்தன. சிக்னலில் பக்கத்து வண்டியின் ஜன்னலில் ஒரு குழந்தை கண்ணாடியில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தது. மடியில் மேனேஜர் ஊசி மயக்கத்தில் குறட்டை விட்டது. அக்கா வேண்டாத சாமி இல்லை. தான் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் போட்டு விழுங்க முடியுமானால், அது தொண்டையைக் கிழித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். பால்கனி மூன்றாவது மாடியில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

கதவு அவள் விட்டுப்போனபடியே திறந்திருந்தது.

தம்பி பால்கனி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை காய்ந்திருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பை, வாய் கட்டியபடி இருந்தது. முன்னால் ஒன்பது சட்டிகள் ஒரே வரிசையில் இருந்தன. மடியில் ஒரு தாள், விரலிடுக்கில் பென்சில். சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து அவன் காதைச் சிவப்பாக்கியிருந்தது. ஆள் இருக்கிறான். அக்கா நாயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜருக்கு எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கான். தூங்கறான். போனு அடிச்சா எடுக்கமாட்டியாடா நீ?"

"பைக்குள்ள வச்சு கட்டிட்டேன்." அவன் தாளைப் பார்த்தான். "எதனால ஆச்சுன்னு சொன்னாங்களா? நானே இப்ப கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். செடி இல்லக்கா. நான் பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்த?"

அவன் தாளை நீட்டினான். வரிசையாக நேரம் எழுதியிருந்தது. 2.40, 2.55, 3.10. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு செடி. முள்வாய். குடுவை, பெரியது. குடுவை, சிறியது. பசைமயிர். அதற்கும் எதிரே, பழைய கையெழுத்தின் ஒழுங்கோடு: கசப்பு இல்லை. லேசான புளிப்பு. நாக்கு மரக்கவில்லை. வயிறு சாதாரணம். கடைசி வரியில் 4.40, பென்சில் கரி இன்னும் பளபளத்தது. அக்கா சட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலை, நகத்தால் கிள்ளி எடுத்த இடம் ஈரமாக இருந்தது.

"நாய் திங்கிறத முதல்ல நான்தான் தின்னு பாப்பேன்," என்றான் தம்பி. "பதினாறு வருஷம் அதத்தான பண்ணேன். இந்த ஒண்ண மட்டும் பாக்காம வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டேன். எல்லாரும் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

"ஏதாவது ஆகியிருந்தா?"

"எதுன்னு தெரிஞ்சிருக்கும். நீ அங்க டாக்டர்கிட்ட சொல்றதுக்கு வசதியா எழுதி வச்சேன்."

அக்கா தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள். "ஆகட்டும்னு நெனச்சியாடா?"

தம்பி குடுவைச் செடியின் மூடியை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தான். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

"தெரியலக்கா," என்றான். "முதல் ரெண்டு இலைக்குத் தெரியல. அப்புறம் மூணாவது கொஞ்சம் புளிச்சது. நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் சரியா எழுதணும்னு மட்டும்தான் இருந்துச்சு."

அக்கா நாயைத் தரையில் இறக்கிவிட்டு, முழங்காலாலேயே நகர்ந்து அவன் பக்கத்தில் போனாள். "நான் சொன்னேன் பாரு, அது தப்பு. என் வாயில வந்திருக்கவே கூடாது. வந்துடுச்சு. என்ன மன்னிச்சிருடா." அப்படி ஒரு வார்த்தையை அவள் அவனிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்லும்போது குரல் யாருடையது மாதிரியோ இருந்தது. "செடி ஒரு மண்ணும் பண்ணல. அவன் தின்னது என் பல் செட்ட. மெழுகோட, பதினாலு பல்லையும். படத்துல பாத்தேன். வயித்துக்குள்ள உக்காந்து சிரிக்குது."

தம்பி திரும்பிப் பார்த்தான். "பல்லா?"

"பல்லுதான். இடது பக்கம் மூணாவது கோணலா இருக்கு. அப்படியே இருக்கு, அசையல."

"பல்லு இல்லாத நாய் பல்ல..." என்று ஆரம்பித்தவனால் முடிக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. சத்தம் வராமல் ஆரம்பித்த சிரிப்பு, சத்தத்தோடு வெடித்தது. மூன்று மாதத்தில், ஒரு வருஷத்தில், எத்தனை வருஷத்தில் என்று தெரியாது, தம்பி வாய்விட்டுச் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, முழு வாயையும் திறந்து சிரித்தான். அக்காவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். ஆனால் திறந்த வாய்க்குள் சாயங்கால வெளிச்சம் விழுந்தது, அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"இரு. மூடாத." மேசைக்கு ஓடிப்போய் வேலை டார்ச்சை எடுத்துவந்தாள். "ஆ காட்டு. இன்னும் நல்லா."

இடது கையால் அவன் தாடையைப் பிடித்தாள். கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும், இரண்டு பக்கமும், தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒன்றில் ஓரம் உடைந்து மஞ்சளாக உள்பக்கம் தெரிந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைக்கிறவர்களின் வாய் அப்படித்தான் இருக்கும். இந்த மாதிரி அச்சு மாதத்துக்கு இரண்டு மூன்று அவளுக்கு வரும். ராத்திரி போட்டுக்கொண்டு தூங்க ஒரு உறை செய்து அனுப்புவாள். அச்சைப் பார்த்தாலே எத்தனை வருஷத் தேய்மானம் என்று சொல்லிவிடுவாள். இது ஒரு வருஷத்தில் ஆனது இல்லை, பெண்டாட்டி போனபிறகு ஆனதும் இல்லை. வேலை இருந்த காலத்திலிருந்தே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, இவன் ராத்திரியெல்லாம் எதையோ அரைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். மூன்று மாதமாகப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவின் கண் நிறைந்து டார்ச் வெளிச்சம் கலங்கியது. தாடையை விடவில்லை.

"இதுக்கு ஒரு உறை செய்யணும்," என்றாள், வேலைக்காரக் குரலில். "நாளைக்குக் காலையில அச்சு எடுக்கணும். செஞ்சு முடிக்க ஒரு வாரம் ஆகும். முதல்ல சரியா உக்காராது, நாலஞ்சு தடவ தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கணும், அது ஒரு மாசம். அப்புறம் அதுவும் தேயும். வருஷத்துக்கு ஒண்ணு புதுசா செய்யணும். வேற யாருகிட்டயும் செஞ்சா உனக்குச் சரியா வராது. கேக்குதா?"

வாய் திறந்திருந்தவனால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது சரி என்பதா, வலிக்கிறது என்பதா, வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் சொல்லிவிடுவான். அக்கா கையை எடுக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அவன் நாக்கின்மேல் ஒரு மெல்லிய பச்சைக் கறை இருந்தது. அது மூச்சுக்கு மூச்சு எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.